சிப்காட் ஊர்களில் எண்ணப்படாத நோய்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஓர் எண்ணும் கூடவே வந்துவிடும். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக நீரி, 2007-ல் தந்த அறிக்கையிலிருந்து கிளம்பிய எண் அது. தொழிற்பேட்டையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று நாளிதழ்கள் எழுதின. மனுக்களிலும் மேடைகளிலும் இன்றுவரை அது எடுத்தாளப்படுகிறது. அந்த மக்கள்மேல் அக்கறை உள்ளவர்கள்தான் முதலில் அந்த எண்ணைக் கையிலெடுத்துச் சோதிக்க வேண்டும். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2022-ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டின்படி, ஒன்பது இந்தியரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வரக்கூடும். அந்த ஒன்பது பேரில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் வந்தாலும்கூட அது ஒன்பது மடங்குதான். அதற்குமேல் ஏற இடமே இல்லை. ஆகவே சாதாரண மனிதருக்கு வருவதைப்போல 2,000 மடங்கு என்று அதைப் படிக்கவே முடியாது.

அப்படியானால் நீரி சொன்னது தவறா என்றால், அப்படியும் இல்லை. நோயாளிகளை எண்ணிக் கிடைத்த எண் அல்ல அது. காற்றை அளந்து, அதன்மேல் கணக்குப் போட்டுக் கிடைத்தது. காற்றில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறார், எத்தனை ஆண்டு அந்த ஊரில் இருப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொருளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் திறன் எவ்வளவு என்று ஆய்வகச் சோதனைகளும் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுகளும் சொல்லும் அளவால் பெருக்குகிறார்கள். அந்தக் காற்று ஒன்றால் மட்டும் கூடுதலாக வரக்கூடிய புற்றுநோய் எவ்வளவு என்பதே விடையாகக் கிடைக்கிறது. இத்தகைய கணக்குகளில் வழக்கமாக வைக்கும் அளவுகோல், பத்து லட்சம் பேருக்கு ஒருவர். 2,000 மடங்கு என்பதை அதனோடு சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்குகிறது: பத்து லட்சம் பேருக்கு 2,000 பேர், அதாவது 500 பேருக்கு ஒருவர்.

இது சிறிய எண் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பத்து லட்சத்தில் ஒன்று முதல் பத்தாயிரத்தில் ஒன்று வரையிலான ஆபத்தைத்தான் பொறுத்துக்கொள்கிறது. 500-ல் ஒன்று என்பது அந்த மேல்வரம்பையே இருபது மடங்கு தாண்டுகிறது. அதுவும் அளக்கப்பட்ட பொருள்களுக்கு மட்டும் போட்ட கணக்கு. அளக்காமல் விட்டவையும், பல வாயுக்கள் கலந்து உடம்புக்குள் போகும்போது என்ன செய்யும் என்பதும் அதற்குள் அடங்காது. ஆனாலும் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பேட்டையைச் சுற்றி 20,000 பேர் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். 500-க்கு ஒருவர் என்றால், எழுபது ஆண்டுகளில் கூடுதலாக நாற்பது பேருக்குப் புற்றுநோய் வரும். ஒன்பதில் ஒன்று என்ற பொதுக் கணக்குப்படி அதே மக்களில் ஏறத்தாழ 2,200 பேருக்கு எப்படியும் வந்திருக்கும். கூடுதலானது ஆண்டுக்கு ஒருவர்கூட இல்லை. எவ்வளவு நேர்மையான மருத்துவர் எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அந்த ஒருவரைத் தனியே பிரித்துக் காட்ட முடியாது.

கடலூர் வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. காற்றை அளந்து கணக்கிட்ட எண்ணும், மக்களை எண்ணிக் கண்ட எண்ணும் வேறு வேறு வேலைக்கானவை. முதல் எண் ஆலைப் புகையை அடக்கப் போதுமானது. அதற்காக ஒரு பிணத்தைக்கூட எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. இரண்டாவது எண் மக்களின் உடம்புக்கு இதுவரை என்ன ஆயிற்று, இப்போது என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்வது. சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படையாவது. முதல் எண்ணை இரண்டாவதாக நினைத்து மக்கள் அஞ்சுகிறார்கள். இரண்டாவது எண்ணைக் காட்டினால்தான் முதலாவதை ஒப்புக்கொள்வோம் என்று ஆலைகளின் தரப்பு வாதிடுகிறது. இந்தக் குழப்பத்தில், எந்த நோயை எண்ணினால் உண்மை தெரியவருமோ அந்த நோய் எண்ணப்படாமலே போகிறது.

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் செல்லும் சாலையை ஒட்டி உப்பனாற்றங்கரையில் இந்தப் பேட்டை 1980-களில் வளர்ந்தது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், பலவகை வேதிப்பொருள் ஆலைகள் அங்கே வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், சோனஞ்சாவடி என்று சுற்றிலும் ஊர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது, 70-ஐத் தாண்டிய 43 இடங்கள் மிக மோசமாக மாசடைந்தவை என்று வகைப்படுத்தப்பட்டன. கடலூர் பெற்ற மதிப்பெண் 77.45. அதற்கும் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2004-ல், அந்த ஊர்க்காரர்கள் தாங்களே காற்றை அளக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் காற்று கசியாத ஒரு பை, வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே உறிஞ்சும் சிறு பம்பு. வாளி வெறுமையாக ஆக, வெளிக்காற்று தானாகப் பைக்குள் ஏறும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழ்ந்த மக்கள் 1990-களில் கையாண்ட முறை இது. கடலூரில் இதோடு மூக்கும் சேர்ந்துகொண்டது. அழுகிய முட்டை நாற்றமா, அழுகிய முட்டைக்கோஸ் நாற்றமா, நகப்பூச்சு நெடியா, எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசையிலிருந்து, கண் எரிந்ததா, மூச்சு அடைத்ததா என்று ஊர்மக்கள் குறித்து வைத்தார்கள்.

அந்த நாற்றக் குறிப்பேடுகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அரசின் காற்றுமானி சொல்வது பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. இரவு இரண்டு மணிக்கு ஒரு வால்வைத் திறந்துவிட்டு மூன்று மணிக்கு மூடினால், அந்தச் சராசரியில் அது கரைந்து காணாமல் போய்விடும். 2009-ல் திருத்தப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகள் மொத்தம் பன்னிரண்டு மாசுகளுக்குத்தான். பென்சீன் அதில் இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு இல்லை, குளோரோபார்ம் இல்லை. அளவே வைக்காத பொருள் அளவைத் தாண்டியது என்று யார் சொல்வது? மூக்கு சொன்னது. வாளிக் காற்று சில நிமிடத்துக் காற்றுதானே, அதை வைத்து ஆண்டு முழுதும் இப்படித்தான் என்று சொல்லலாமா என்று ஆலைத்தரப்பு கேட்கலாம். நியாயமான கேள்வி. புற்றுநோய்க் கணக்குக்கு நீண்ட காலச் சராசரி வேண்டும். சில நிமிட உச்சம் அதற்குப் போதாது. மூச்சிரைப்பும் கண்ணெரிச்சலும் தலைசுற்றலும் அப்படிப்பட்டவை அல்ல. அவை சராசரியைப் பார்த்து வருவதில்லை, உச்சத்தில் வருகின்றன. எந்த நோயை எண்ணப்போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் காற்றை எப்படி அளக்க வேண்டும் என்பதும் அமையும்.

இனி நோயை எண்ணும் வேலை. அதற்கு இரண்டு கணக்குகள் உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியில் இன்று எத்தனை அடி நீர் நிற்கிறது என்பது இருப்பு. கீழணையிலிருந்து வடவாறு வழியே எவ்வளவு வந்து விழுகிறது என்பது வரத்து. பாசனத்துக்கும் சென்னைக் குடிநீருக்கும் போவது வெளியேற்றம். நோய்க்கும் அப்படியே. இன்றைய தேதியில் ஓர் ஊரில் எத்தனை பேர் ஒரு நோயோடு வாழ்கிறார்கள் என்பது நோய் இருப்பு. நேற்றுவரை நலமாக இருந்தவர்களில் இந்த ஓராண்டில் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பது நோய் வரத்து. குணமாவதும் சாவதும் வெளியேற்றம். ஏரி 47.5 அடி நிறைந்து நிற்பதைக் கரையிலிருந்து பார்ப்பவருக்கு, வரத்து கூடியதா அல்லது மதகை அடைத்துவிட்டார்களா என்று தெரியாது. நோய் இருப்பை மட்டும் பார்க்கிறவர் நிலையும் அதுதான். நல்ல சிகிச்சையால் நோயாளிகள் நெடுநாள் வாழ்ந்தால் இருப்பு கூடும். அது நல்ல செய்தி. நோயாளிகள் விரைவில் இறந்துபோனால் இருப்பு குறையும். அதைப் பார்த்து ஊர் தேறிவிட்டது என்று சொல்ல முடியுமா? காரணத்தைத் தேடுகிறவருக்கு வேண்டியது வரத்துக் கணக்கு. எத்தனை மாத்திரை, எத்தனை படுக்கை என்று திட்டமிடுகிறவருக்குத்தான் இருப்பு வேண்டும்.

எண்ணும் முயற்சியே எண்ணை மாற்றிவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதுவரை தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களின் பெயர் பட்டியலில் ஏறும். தேடிய ஊரில் நோய் கூடியதுபோலத் தோன்றும். தேடாத ஊர் நலமாக இருப்பதுபோலத் தோன்றும். மாசடைந்த ஊரில் மட்டும் மருத்துவ முகாம் நடத்திவிட்டு இவ்வளவு பேருக்கு நோய் என்று அறிவிப்பதில் உள்ள ஓட்டை இதுதான். இதே மாவட்டத்தில் நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் நீரையும் மண்ணையும் சோதித்து 2023-ல் அறிக்கை வெளியிட்டன. ஏறத்தாழ நூறு வீடுகளில் நோய் பற்றியும் கேட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் யாருக்காவது சிறுநீரகம், தோல், மூச்சு சார்ந்த தொல்லை இருந்தது. நீரில் பாதரசம் அளவு மீறியதாகச் சொன்ன பகுதி தானே நிற்கும். அது அளந்து கண்டது. வீட்டுக்கொருவர் என்று நோயைக் கேட்டால், நெய்வேலியைப்போலச் சுரங்கம் எதுவும் இல்லாத ஊரிலும் பல வீடுகளில் ஆம் என்றுதான் பதில் வரும். அங்கே என்ன பதில் வந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்தப் பதிலுக்கு எடை கூடும். அக்கறையோடு வேலை செய்கிறவர்களின் உழைப்பு இந்த ஒரு குறையால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் ஒரு கேள்விக்குத் தாங்காமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒப்பீடு இருந்தாலும் எண்ணிக்கை சிறிதாக இருந்தால் ஏமாற்றம்தான். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 100 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது. 2022-க்கான மதிப்பீடு 100.4. அப்படியானால் 2,000 பேர் வாழும் ஓர் ஊரில் ஆண்டுக்கு இருவரை எதிர்பார்க்கலாம். ஆனால் எந்த மாசும் இல்லாமலே, வெறும் தற்செயலால், ஓராண்டில் ஒருவருக்கும் வராமலும் போகலாம், மறு ஆண்டில் ஐந்து பேருக்கும் வரலாம். அந்த ஐந்து பேர் ஒரே தெருவில் இருந்துவிட்டால் ஊரே நடுங்கும். நடுங்குவதில் தவறில்லை, ஆனால் அது சான்றாகாது. இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. மாவட்டக் கணக்கைப் பாருங்கள், கடலூரில் தனியாக ஒன்றும் கூடவில்லையே என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்கள்தொகை 26,05,914. அவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,600 புதிய புற்றுநோயாளிகள் இருப்பார்கள். சிப்காட்டைச் சுற்றியுள்ள 20,000 பேரிடம் நோய் அப்படியே இரட்டித்து, இருபது பேர் நாற்பது பேர் ஆனாலும், மாவட்டக் கணக்கு 2,600-லிருந்து 2,620 ஆகும். நூற்றுக்கு ஒன்றுகூட ஏறாது. மாவட்டச் சராசரிக்குள் ஒரு பேரழிவையே ஒளித்து வைத்துவிடலாம். ஓர் ஊர் மிகச் சிறிது, மாவட்டம் மிகப் பெரிது. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களையெல்லாம் சேர்த்து ஒரே தொகுதியாக எடுத்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து எண்ணுவதுதான் சரியான அளவு. அந்த அளவில் இரட்டிப்பு நிகழ்ந்தால் ஓரிரு ஆண்டிலேயே தெரிந்துவிடும். நூற்றுக்கு மூன்றோ நான்கோ கூடினால் அப்போதும் தெரியாது.

எனவே புற்றுநோயை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது கடலூருக்கு நன்மை செய்யவில்லை என்று நினைக்கிறேன். பாதிப்புக்கும் நோய்க்கும் நடுவே பத்து, இருபது, முப்பது ஆண்டு இடைவெளி உள்ள நோய் அது. விரைவில் தெரிகிற, அடிக்கடி நிகழ்கிற, ஏற்கெனவே யாரோ எழுதிவைக்கிற ஒன்றை எண்ண வேண்டும். அப்படி ஒன்று நம் கைவசமே இருக்கிறது: பிறப்பு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் கிராம சுகாதார செவிலியர் மூலம் பிக்மி என்ற இணையப் பதிவில் ஏறி எண் பெறுகிறது. மொத்தம் எத்தனை கர்ப்பம் என்பது அதில் இருக்கிறது. நோய்க் கணக்கில் கிடைப்பதற்கு மிகக் கடினமானது அந்த மொத்தம்தான். எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற கேள்வியின் முதல் பாதி. எத்தனை கரு கலைந்தது, எத்தனை குழந்தை இறந்து பிறந்தது, எத்தனை குழந்தை 2,500 கிராமுக்குக் குறைந்து பிறந்தது என்று அதிலிருந்து கணக்கிடலாம். இது நடக்காத காரியம் அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நகர்ப்புற நிலையங்களிலும் பதிவுசெய்த 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டது. காற்றில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. எடை குறைந்த பிறப்புகள் நூற்றுக்கு 2 கூடுகின்றன. நான்கு கிராம் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் நுட்பம் நம் மாநிலத்தில் இருக்கிறது. அதைக் குடிகாட்டுக்குக் கொண்டுபோவதற்குத் தனி அறிவியல் எதுவும் தேவையில்லை.

பிறப்புக்கு அடுத்தபடி குழந்தைகளின் நுரையீரல். பெரியவர்களை அளந்தால் பீடி, ஆலை வேலை, வயலில் அடிக்கும் மருந்து என்று எல்லாம் கலந்து வரும். எதற்கு எது காரணம் என்று பிரிப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளை பீடி பிடிப்பதில்லை, ஆலைக்குப் போவதில்லை. ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தைப் பார்க்கும் கருவி விலை குறைந்தது, பள்ளியிலேயே செய்யலாம். கோடையிலும் வடகிழக்குப் பருவத்திலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரே பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை அளந்துவந்தால், அவர்களின் நுரையீரல் வயதுக்குத் தக்கபடி வளர்கிறதா என்று தெரியும். வீட்டில் விறகடுப்பா, எரிவாயுவா என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்க வேண்டும். தூரத்தை மட்டும் வைத்து ஊர்களைப் பிரிப்பதும் போதாது. பகலில் கடற்காற்று வாயுவை மேற்கே உள்நாட்டுக்குத் தள்ளும். இரவில் நிலக்காற்று அதையே உப்பனாற்றுப் பக்கம் கொண்டுபோகும். ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று பகலிலும் மற்றது தூங்கும் நேரத்திலும் நச்சைச் சுவாசிக்கும். மூக்கால் எழுதிய அந்தக் குறிப்பேடுகள் இங்கே மறுபடியும் பயன்படும்.

யாரோடு ஒப்பிடுவது? அதற்காகவே சிதம்பரம் வட்டத்தைச் சொல்கிறேன். அதே மாவட்டம், அதே கடற்கரை வெயில், அதே சோறும் மீனும், அதே புயலும் வெள்ளமும், ஏறத்தாழ அதே வருமானம். வேதிப்பொருள் ஆலைப் பேட்டை மட்டும் இல்லை. சிதம்பரம் நகரத்தை எடுக்கக் கூடாது. அண்ணாமலைநகரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதால் அங்கே நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படும், கணக்கில் கூடுதலாகத் தெரியும். கடலோரக் கிராமங்களைத்தான் எடுக்க வேண்டும். அவற்றிலும் அனல்மின் நிலையம் உள்ள பரங்கிப்பேட்டைப் பக்கத்தைத் தவிர்த்து, கிள்ளைக்குத் தெற்கே போகலாம். அங்கேயும் வயல்களில் பூச்சிமருந்து உண்டே என்று கேட்டால், காரைக்காட்டு விவசாயிக்கும் அது உண்டு; இரண்டு பக்கமும் சமமாக இருப்பது ஒப்பீட்டைக் கெடுக்காது. லண்டனில் 1854-ல் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ செய்ததும் இதுதான். ஒரே தெருக்களில் இரண்டு குடிநீர்க் கம்பெனிகள் குழாய் போட்டிருந்தன. கழிவு கலந்த தேம்ஸ் நீரைத் தந்த கம்பெனியின் வீடுகளில் பத்தாயிரம் வீட்டுக்கு 315 சாவு. மேல்நோக்கிப் போய்ச் சுத்தமான இடத்தில் நீர் எடுத்த கம்பெனியின் வீடுகளில் 37. கிருமி என்றால் என்னவென்று அப்போது தெளிவாகத் தெரியாது. எந்த வீட்டில் எந்தக் கம்பெனி நீர் என்று கதவு கதவாகத் தட்டிக் கேட்ட உழைப்புதான் அந்த இரண்டு எண்களையும் தந்தது.

இப்படி எண்ணுவதற்கு மிகக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஊர்மக்களே சொல்கிறார்கள். ஆய்வு, ஆய்வு என்று ஆண்டுகளைக் கடத்துவீர்கள், அதற்குள் எங்கள் பிள்ளைகள் வளர்ந்து நோயாளிகளாகிவிடுவார்கள் என்று. ஆனால் எண்ணுவதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையின் அநுராதபுரம் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் 1990-களில் கவனத்துக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கை அரசும் சேர்ந்து நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு, மூன்று மாவட்டங்களில் 15 முதல் 70 வயதுவரை உள்ளவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு அந்த நோய் இருந்ததாகச் சொன்னது. காரணம் பற்றிய சண்டை அதோடு ஓயவில்லை. ஏனென்றால் அந்த எண் நோய் இருப்பு. அந்த நோயாளிகள் இருபது ஆண்டுகளுக்கு முன் என்ன குடித்தார்கள், எதைத் தெளித்தார்கள் என்பதை யாரும் அப்போதே அளந்து வைத்திருக்கவில்லை. பிந்தி எண்ணினால் இப்படித்தான் ஆகும். கடலூரில் 2004-லிருந்தே காற்றைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. அந்த வகையில் அநுராதபுரத்தைவிட நாம் முன்னே நிற்கிறோம். தாமதத்துக்குப் பதிலை முன்பே சொல்லிவிட்டேன்: ஆலைப் புகையை அடக்க, காற்றை அளந்த எண்ணே போதும். நோய்க் கணக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று எந்த அதிகாரி சொன்னாலும், அந்த இரண்டையும் தெரிந்தே குழப்புகிறார் என்றுதான் பொருள்.

எண்ணத் தொடங்கினால் மட்டும் போதாது, விடாமல் எண்ண வேண்டும் என்பதற்குப் போபால் இருக்கிறது. 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்த அந்த ஒரே இரவுக்குப் பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வாயு பரவிய பகுதிகளில் 80,021 பேரையும், ஒப்பீட்டுக்கு வாயு எட்டாத பகுதிகளில் 15,931 பேரையும் பதிவுசெய்து பின்தொடர்ந்தது. 1994-ல் கழகம் அந்தப் பணியிலிருந்து விலகி, மாநில அரசிடம் ஒப்படைத்தது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பலர் இடம் மாறிப்போனார்கள், பெயர்கள் விட்டுப்போயின. புற்றுநோய் தலைகாட்ட வேண்டிய பின்னாண்டுகளுக்குத்தான் அந்தப் பட்டியல் முழுதாகத் தேவைப்பட்டது. கடலூரிலும் இடம் மாறுதல் உண்டு. தானே புயலும் 2015 வெள்ளமும் கண்ட ஊர்கள் அவை. நோய் முற்றியவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நலமாக இருப்பவர்கள் ஆலை வேலையில் தங்குவார்கள். இன்று இருப்பவர்களை மட்டும் எண்ணினால் ஊர் ஆரோக்கியமாகத் தெரியும். சிகிச்சைக்கும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. கடலூர் அரசு மருத்துவமனை, அண்ணாமலைநகர், வேறு ஆட்சிப்பகுதியான புதுச்சேரியில் ஜிப்மர், சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் என்று நான்கு திசையிலும் சிதறுகிறார்கள். நான்கு பதிவேடுகளையும் ஒன்றாக வைத்து, ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாமலும் ஒருவரையும் விடாமலும், மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் ஊர்ப்பெயர்வரை எழுதி எடுக்க வேண்டும். 2012-லிருந்து மாநிலம் முழுவதற்கும் நடக்கும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தோடு இதை இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு தயக்கம் வெளியாருக்குத் தெரியாதது. புற்றுநோய் ஊர் என்று பெயர் வாங்கிவிட்டால் பெண் எடுக்கவும் கொடுக்கவும் யோசிப்பார்கள், நிலம் விலை போகாது. கருக்கலைவை வெளியே சொல்லாத குடும்பங்கள் எத்தனையோ. இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது; தங்கள் நோயைத் தாங்களே மறைக்கும்படி ஓர் ஊரைத் தள்ளுவது அதுதான். எல்லா ஊர்களையும் ஒன்றாகச் சேர்த்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை, பெயரோ தெருவோ தெரியாதபடி வெளியிட்டால் யாரையும் சுட்ட முடியாது. அந்தக் கணக்கு முதலில் நாளிதழுக்குப் போகாமல் அந்த ஊர்களின் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். எதை எண்ணுவது, எதைக் கேட்கக் கூடாது என்று முடிவெடுக்கும் இடத்திலும் அவர்கள் இருக்க வேண்டும். வாளியை ஏந்திக் காற்றைப் பிடித்தவர்களுக்கு, தங்கள் உடம்பின் கணக்கைப் பார்க்கும் உரிமை மற்ற எவருக்கும் முன்னே உண்டு.

ஆலைகளும் இதை எதிர்க்கக் காரணமில்லை. தங்கள் காற்றால் நோய் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கையானால், பிறப்பு எடையும் பிள்ளைகளின் மூச்சும் கிள்ளைப் பக்கத்துக்கு இணையாக வந்து அவர்களை விடுவிக்கும். சம அளவில் வந்தால் அதையும் அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் சொல்வேன். விரும்பிய விடை வரும்வரை எண்ணுவது எண்ணுவதாகாது. சம அளவு வந்தது என்பதற்காகப் புகையை விட உரிமை வந்துவிடாது என்பதும் உண்மை, 500-ல் ஒன்று என்ற கணக்கு அப்போதும் அங்கேயே இருக்கும்.

இந்த ஆண்டு பதிவாகும் கர்ப்பங்களின் விடை அடுத்த ஆண்டே கிடைத்துவிடும். பிள்ளைகளின் நுரையீரலுக்கு நான்கைந்து ஆண்டு. புற்றுநோய்க்கு ஒரு தலைமுறை ஆகும். அதற்கான ஆள் பட்டியலை இன்றே எழுதினால்தான் அன்று பயன்படும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி விடுபடக் கூடாது. குடிகாட்டில் பிறந்து இருபது வயதுவரை அந்தக் காற்றைச் சுவாசித்த பெண், திருமணமாகிச் சிதம்பரம் பக்கம் போய்விடுகிறாள். நாற்பதாம் வயதில் அவளுக்கு நோய் வந்தால் அது சிதம்பரத்துக் கணக்கில் ஏறும். ஒப்பீட்டு ஊரின் எண் கூடும், சிப்காட் ஊரின் எண் குறையும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மங்கிப்போகும். ஆகவே இப்போது எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால், பிறந்த ஊர் எது, எத்தனை வயதுவரை அங்கே இருந்தீர்கள் என்று மருத்துவமனைப் பதிவேட்டில் எல்லாரிடமும், குறிப்பாகப் பெண்களிடம், கேட்டு எழுத வேண்டும்.